பாம்பி மறந்த வாக்கியம்

ஜான் ஃபோர்டு இயக்கி 1962ஆம் ஆண்டு வெளிவந்த 'தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்' என்ற படத்தில் ஒரு பள்ளிக்கூடக் காட்சி உண்டு. ஷின்போன் என்னும் எல்லைப்புறச் சிற்றூர். கிழக்கிலிருந்து வந்த இளம் வழக்கறிஞர் ஒருவர் (ஜேம்ஸ் ஸ்டீவர்ட்) எழுத்தறியாத பெரியவர்களையும் சிறுவர்களையும் ஒன்றாக அமர்த்திப் பாடம் நடத்துகிறார். மெக்சிகோ வழிவந்த குழந்தைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். பாம்பி என்ற கறுப்பினத் தொழிலாளி எழுந்து நின்று, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்குகிறார். அவருக்குப் பின்னால் சுவரில் ஆபிரகாம் லிங்கனின் படம். மனிதர்களின் சமத்துவத்தைக் கூறும் பகுதி வரும்போது பாம்பிக்கு நினைவு தடுமாறுகிறது. ஆசிரியர் எடுத்துக்கொடுத்து, பலரும் அந்தப் பகுதியைத்தான் மறந்துவிடுகிறார்கள் என்கிறார். சற்றுநேரத்தில் பாம்பியின் முதலாளியான ஜான் வெய்ன் உள்ளே நுழைந்து, படிப்பு போதும், வேலைக்குப் போ என்று அவரை அனுப்பிவிடுகிறார்.

இந்தப் படத்தை முதன்முறை பார்த்தபோது அக்காட்சி என் மனதில் பதியவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். யார் யாரைச் சுட்டார்கள் என்பதிலேயே கவனமெல்லாம் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பாம்பியாக நடித்த வுடி ஸ்ட்ரோடைக் கண் தேடியது. ஊர்க் கூட்டத்தில் வாக்கெடுப்பு நடக்கும்போது அவர் வாசலுக்கு வெளியே அமர்ந்திருக்கிறார். மதுக்கடையில் அவருக்கு மது ஊற்ற மறுக்கிறார்கள். எரியும் வீட்டிலிருந்து முதலாளியைத் தூக்கி வருபவர் அவர். பல்லாண்டுகள் கழித்து, அதே முதலாளியின் சவப்பெட்டி அருகே தனியே அமர்ந்திருப்பவரும் அவரே. படம் முழுக்க அவர் இருக்கிறார். கதை அவருடையதாக ஒருகணமும் இல்லை.

'வெஸ்டர்ன்' என்று திரைவரலாறு வகைப்படுத்துவதும், நம்மில் பலர் 'கௌபாய் படம்' என்றே அறிந்ததுமான இப்படங்களில் சட்டகத்துக்குள் இருந்தும் கதைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிச் சில செய்திகளைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

முதலில் வரலாறு. திரைப்படங்கள் காட்டும் கௌபாயின் காலம் மிகக் குறுகியது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபின், டெக்சாஸின் மாட்டு மந்தைகளை வடக்கேயுள்ள ரயில் நிலையங்களுக்கு ஓட்டிச்சென்ற ஏறத்தாழ கால் நூற்றாண்டே அது. அந்த வேலையை அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர்கள் ஆங்கிலம் பேசியவர்கள் அல்லர். மெக்சிகோவின் 'வகேரோ' எனப்படும் குதிரைவீரர்களான மாட்டிடையர்களே அதன் முன்னோடிகள். லாசோ, ரோடியோ, லாரியட் என்று கௌபாய் உலகின் அடையாளமாக நாம் அறிந்த சொற்கள் எல்லாம் ஸ்பானிய மொழியிலிருந்து வந்தவை. 'பக்கரூ' என்பதே வகேரோ என்ற சொல்லின் திரிபுதான்.

அடுத்து, கறுப்பினத்தவர். டெக்சாஸ் அடிமைமுறை நிலவிய மாநிலம். எசமானர்கள் போருக்குச் சென்ற ஆண்டுகளில் மந்தைகளைப் பேணியவர்களில் பெரும்பகுதியினர் அடிமைகளே. விடுதலைக்குப் பின் அவர்கள் அதே தொழிலைக் கூலிக்குச் செய்தனர். மந்தையோட்டிகளில் நால்வருக்கு ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் அடிக்கடி எடுத்துரைக்கும் மதிப்பீடு. அதேபோல் 1866இல் அமெரிக்க அரசு கறுப்பினப் படைவீரர்களைக் கொண்டு 9ஆம், 10ஆம் குதிரைப்படைப் பிரிவுகளை அமைத்தது. 'பஃபலோ சோல்ஜர்கள்' எனப்பட்ட இவர்கள் மேற்கின் கோட்டைகளில் பல்லாண்டுகள் பணியாற்றினர். அடிமைத்தளையிலிருந்து நேற்று விடுபட்டவர்கள், பூர்வகுடிகளின் நிலத்தைப் பறிக்கும் போரில் இன்று சீருடையணிந்து நின்ற முரணை வரலாறு இன்னும் முழுமையாகச் செரித்துக்கொள்ளவில்லை.

பூர்வகுடிகளைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் நாம் நெடுங்காலமாக 'செவ்விந்தியர்' என்று எழுதிவந்திருக்கிறோம். கொலம்பஸ் செய்த திசைப்பிழையையும், ஐரோப்பியர் இட்ட நிறப்பெயரையும் ஒருசேர மொழிபெயர்த்துக்கொண்ட சொல் அது. அபாச்சே, கமான்ச்சி, ஷயேன், நவஹோ, கயோவா என்று வெவ்வேறு மொழியும் வாழ்முறையும் கொண்ட மக்கள் அனைவரையும் அது ஒற்றை நிறத்தில் கரைத்துவிடுகிறது. ஹாலிவுட் செய்ததும் கிட்டத்தட்ட இதுவேதான்.

*

இந்நிலை தொடக்கம் முதலே இருந்ததா என்று பார்த்தால், ஆச்சரியமான விடை கிடைக்கிறது. பேசாப்பட யுகத்தின் முதல் ஆண்டுகளில் பூர்வகுடிக் கதைகளுக்குத் தனி இடமிருந்தது. ஜேம்ஸ் யங் டீர் என்பவர் பாத்தே நிறுவனத்துக்காக 1910இல் 'வைட் ஃபான்ஸ் டிவோஷன்' என்ற குறும்படத்தை இயக்கினார். பூர்வகுடி வழிவந்த ஒருவர் இயக்கி எஞ்சியுள்ள மிகப் பழைய படங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது; 2008இல் அமெரிக்கத் தேசியத் திரைப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. அவரது மனைவி லிலியன் செயின்ட் சிர், 'ரெட் விங்' என்ற பெயரில் நடித்த ஹோ-சங்க் இனப் பெண். 1914இல் செசில் பி. டிமில் இணைந்து இயக்கிய 'தி ஸ்குவா மேன்' படத்தின் நாயகி அவரே. அப்படத்தின் முடிவில் வெள்ளையனை மணந்த அப்பெண் தற்கொலை செய்துகொள்கிறாள். கலப்பு மணம் செய்த பூர்வகுடிப் பெண் சாகவேண்டும் என்ற வாய்பாடு அடுத்த 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் பிழைத்திருந்தது. 1950இல் வந்ததும், அபாச்சேக்களைப் பரிவுடன் காட்டியதாகப் போற்றப்பட்டதுமான 'புரோக்கன் ஏரோ'விலும் நாயகனின் அபாச்சே மனைவி சுடப்பட்டு இறக்கிறாள்.

அதைவிட வியப்பானது 1920இல் எடுக்கப்பட்ட 'தி டாட்டர் ஆஃப் டான்'. ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைப்பகுதியில் படமான இதில் நடித்த அனைவரும் கயோவா, கமான்ச்சி மக்களே; எண்ணிக்கையில் சுமார் 300 பேர். தங்கள் கூடாரங்களையும் உடைகளையும் தாங்களே கொண்டுவந்தார்கள். இதன் கதை காதலும் வேட்டையும் இரு குடிகளுக்கிடையேயான பூசலும் கலந்தது. வெள்ளையரை எதிர்த்துக் கூச்சலிடும் கும்பலாக யாரும் இல்லை. பல்லாண்டுகள் தொலைந்துபோனதாகவே கருதப்பட்ட இப்படம் பிற்பாடு கண்டெடுக்கப்பட்டுச் செப்பனிடப்பட்டது. 2013இல் தேசியப் பதிவேட்டில் இடம்பெற்றது. இதன் நாயகனாக நடித்தவர் வைட் பார்க்கர். அவர் சகோதரி வனாடா பார்க்கரும் நடித்திருக்கிறார். இருவரும் கமான்ச்சித் தலைவர் குவானா பார்க்கரின் மக்கள். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். சற்றுநேரத்தில் அது மீண்டும் வரும்.

பிறகு ஏன் கதவு மூடியது? பெரும் ஸ்டூடியோக்கள் உருவாகி, நட்சத்திரங்களின் முகத்தை நம்பி முதலீடு செய்யும் முறை வந்ததும், முக்கியப் பாத்திரங்கள் ஒப்பந்த நடிகர்களுக்கே சென்றன. 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு ஒழுங்குவிதிகள் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையேயான உறவைத் திரையில் காட்டுவதைத் தடைசெய்தன. தென்மாநிலத் திரையரங்குகளின் விருப்புவெறுப்பைக் கணக்கில் கொண்டே கதைகள் எழுதப்பட்டன. விளைவாக, அபாச்சேத் தலைவர் கோச்சிஸாக ஜெஃப் சாண்ட்லர் நிறம் பூசிக்கொண்டு நின்றார். 'வின்செஸ்டர் 73' படத்தில் ராக் ஹட்சன் பூர்வகுடித் தலைவனானார். ஒன்டாரியோவின் மோஹாக் குடியில் பிறந்த ஜே சில்வர்ஹீல்ஸ் போன்ற தேர்ந்த நடிகருக்கு, முகமூடி வீரன் லோன் ரேஞ்சரின் உடனிருக்கும் டோன்டோ வேடமும் உடைந்த ஆங்கிலமுமே வாய்த்தன. கறுப்பின மக்களுக்கோ தனித் திரையரங்குகள், தனிப்படங்கள். 1937இன் 'ஹார்லம் ஆன் தி பிரெய்ரி' தொடங்கி ஹெர்ப் ஜெஃப்ரீஸ் பாடிக்கொண்டே குதிரையேறிய படங்கள் அத்தகையவை. நால்வரில் ஒருவராக இருந்தவரைக் காண மக்கள் வேறு கொட்டகைக்குச் செல்லவேண்டியிருந்தது.

*

இனி ஜான் ஃபோர்டும் மானுமென்ட் வேலியும். யூட்டா, அரிசோனா எல்லையில் செம்மணற்பாறைகள் கோபுரங்களாய் எழுந்து நிற்கும் அந்நிலம் நவஹோ மக்களின் ஒதுக்கீட்டுப் பகுதியில் உள்ளது. 1864இல் அமெரிக்கப் படை நவஹோ மக்களை அவர்களது நிலத்திலிருந்து பிடுங்கி, முந்நூறு மைல்களுக்கு மேல் நடத்திச்சென்று, நியூ மெக்சிகோவின் பாஸ்க் ரெடோண்டோவில் அடைத்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டபின், 1868 உடன்படிக்கைப்படி எஞ்சியோர் திரும்பினர். 1930களில் அரசு, மேய்ச்சல் நிலம் சீரழிகிறது என்று கூறி அவர்களது ஆடுகளைப் பெருமளவில் குறைத்து, வாழ்வாதாரத்தை முறித்தது. அந்த வறுமைக் காலத்தில்தான் அவ்வட்டார வணிகர் ஹாரி கௌல்டிங், பள்ளத்தாக்கின் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு ஹாலிவுட் சென்று ஃபோர்டைச் சந்தித்ததாகச் சொல்லப்படுகிறது. 1939இல் 'ஸ்டேஜ்கோச்' வந்தது. அந்தப் பாறைகளே உலகுக்கு 'மேற்கு' என்பதன் முகமாயின.

ஸ்டேஜ்கோச்சில் நவஹோக்கள் அபாச்சேக்களாகத் துரத்தினர். 1956இன் 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் கமான்ச்சிகளாக மடிந்தனர். 1964இன் 'ஷயேன் ஆட்டம்' படத்தில் ஷயேன்களாக நடந்தனர். நவஹோக்களாகத் தங்கள் கதையை நடிக்க மட்டும் அவர்களுக்கு வாய்ப்பு வரவில்லை. தம் மூதாதையர் பிடுங்கப்பட்ட மண்ணிலேயே, வேறொருவரின் தோல்வியை மீண்டும் மீண்டும் நடித்துக்காட்டி அவர்கள் கூலி பெற்றனர். அந்தக் கூலி அவர்களுக்குத் தேவைப்பட்டது. ஃபோர்டு மீது அவர்களில் பலருக்கு அன்பும் இருந்தது. இரண்டும் உண்மை. எளிய தீர்ப்புக்கு இடம்தராத உறவு அது.

*

'தி சர்ச்சர்ஸ்' படத்தை மகத்தான படைப்பு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. கமான்ச்சிகளால் கடத்தப்பட்ட தன் அண்ணன் மகளைத் தேடி ஈதன் எட்வர்ட்ஸ் (ஜான் வெய்ன்) ஆண்டுக்கணக்கில் அலைகிறான். அவளை மீட்பதற்கா, கமான்ச்சிகளோடு வாழ்ந்த குற்றத்துக்காகக் கொல்வதற்கா என்பதே படத்தின் அச்சம். இறந்த கமான்ச்சியின் கண்களைச் சுட்டுக் குருடாக்கும் அவனது வெறுப்பை ஃபோர்டு மறைக்கவில்லை. நாயகனின் இனவெறியையே பொருளாகக் கொண்ட படம் அன்று மிக அரிது. ஆயினும் கமான்ச்சித் தலைவன் 'ஸ்கார்' வேடத்தில் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். 'லுக்' என்ற பூர்வகுடிப் பெண் மலைச்சரிவில் உதைத்து உருட்டப்படுவது நகைச்சுவையாக வைக்கப்பட்டிருக்கிறது. பின்னர் அவள் குதிரைப்படையால் கொல்லப்பட்டுக் கிடக்கிறாள்.

ஆலன் லெ மே 1954இல் வெளியிட்ட நாவலே இப்படத்துக்கு மூலம். நாவலுக்குப் பின்னால் இரண்டு வரலாறுகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஒன்று, சிந்தியா ஆன் பார்க்கரின் வாழ்க்கை. 1836இல் டெக்சாஸில் சிறுமியாகக் கடத்தப்பட்ட அவர் கமான்ச்சியாகவே வளர்ந்து, மணந்து, மக்களைப் பெற்றார். 1860இல் வெள்ளையர் படை அவரை 'மீட்டது'. அவரோ கமான்ச்சிகளிடம் திரும்பிச்செல்லவே ஏங்கினார். கைக்குழந்தையாக உடன்வந்த மகளும் இறந்துபோக, சில ஆண்டுகளில் தாமும் மறைந்தார். அவர் மகன்தான் குவானா பார்க்கர். அதாவது 1920இன் படத்தில் நடித்த வைட் பார்க்கரும் வனாடாவும் இந்தச் சிந்தியாவின் பேரப்பிள்ளைகள். சினிமா அந்தக் குடும்பத்தை இருமுறை சந்தித்திருக்கிறது. முதன்முறை, பேரர்களே தம் மக்களாக நின்று நடித்தனர். 36 ஆண்டுகள் கழித்து, பாட்டியின் கதையை எடுத்தபோது கமான்ச்சி முகத்துக்கு அங்கே தேவையிருக்கவில்லை. படத்தில் பெண் வீடு திரும்புவது இன்பமுடிவு; வரலாற்றில் அதுவே துயரத்தின் தொடக்கம்.

இரண்டாவது வரலாறு பிரிட் ஜான்சனுடையது. 1864 அக்டோபரில் டெக்சாஸின் எல்ம் கிரீக்கில் நடந்த தாக்குதலில் அவர் மகன் கொல்லப்பட்டான். மனைவியும் பிள்ளைகளும் கடத்தப்பட்டனர். அவர்களைத் தேடி ஜான்சன் அபாயகரமான நிலங்களுக்குள் சென்றார்; மறு ஆண்டு அவர் குடும்பம் மீண்டது. 1871 ஜனவரியில், சரக்கு வண்டியோட்டிச் செல்லும் வழியில் கயோவாக்களின் தாக்குதலில் அவரும் உடன்வந்த இருவரும் போரிட்டு மடிந்தனர். பிரிட் ஜான்சன் கறுப்பினத்தவர். தேடியலைந்த அந்த மனிதனின் தவிப்பு திரைக்கு வந்தபோது அது ஜான் வெய்னின் உடலில் குடியேறியிருந்தது. அமெரிக்கத் திரையின் மிகப் புகழ்பெற்ற தேடலின் வேரில், அப்படத்தில் இடமே இல்லாத ஒரு மனிதர் இருக்கிறார்.

*

ஃபோர்டு இதையெல்லாம் உணர்ந்திருந்தாரா? அவர் அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களின் மகன். புறத்தே நிறுத்தப்படுவதன் வலி அவருக்குப் புதிதன்று. 1960இல் 'சார்ஜென்ட் ரட்லெட்ஜ்' எடுத்தார். வெள்ளைச் சிறுமியைக் கெடுத்துக் கொன்றதாகவும், தன் மேலதிகாரியைக் கொன்றதாகவும் பொய்க் குற்றம் சாட்டப்படும் 9ஆம் குதிரைப்படையின் கறுப்பினச் சார்ஜென்டாக வுடி ஸ்ட்ரோட். தப்பியோடும் வாய்ப்பிருந்தும் தன் படையை எச்சரிக்கத் திரும்பிவருகிறார். ஸ்ட்ரோட் நடிகராகும் முன் அமெரிக்கக் கால்பந்து வீரர். தொழில்முறை அணிகள் கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்திருந்த வழக்கத்தை 1946இல் கென்னி வாஷிங்டனும் அவரும் லாஸ் ஏஞ்சலிஸ் அணியில் சேர்ந்து உடைத்தனர். பாறைகளின் பின்னணியில் அவர் நிமிர்ந்து நிற்கும் காட்சிகளில், அதுவரை ஜான் வெய்னுக்கே வழங்கப்பட்டுவந்த கம்பீரத்தைக் கேமரா அவருக்கு வழங்குகிறது. எனினும் பெயர்ப்பட்டியலில் முதலிடம் வழக்கறிஞராக நடித்த ஜெஃப்ரி ஹண்டருக்கே. ரட்லெட்ஜின் கதையைப் பெரும்பாலும் பிறர் சாட்சிக்கூண்டில் நின்று சொல்லவே நாம் அறிகிறோம். அவரது வீரத்தை நிறுவ முகமற்ற அபாச்சேக்கள் செத்து விழுகிறார்கள். ஒருவருக்கு நியாயம் செய்யும்போதே இன்னொருவரைப் பலியிடுகிறது படம். பஃபலோ சோல்ஜர்களின் பழைய முரண் திரையிலும் அப்படியே தொடர்கிறது.

1964இன் 'ஷயேன் ஆட்டம்' பூர்வகுடிகளுக்குத் தாம் செலுத்தும் கடன் என்றே ஃபோர்டு கருதினார். 1878இல் ஓக்லஹோமாவின் நோயிலும் பசியிலும் இருந்து புறப்பட்டு, வடக்கே தாயகம் நோக்கி நடந்த சுமார் 300 வடக்கு ஷயேன்களின் கதை. நோக்கம் உயர்ந்தது. தலைவர்களாக நடித்த ரிக்கார்டோ மான்டல்பானும் கில்பர்ட் ரோலண்டும் மெக்சிகோவில் பிறந்தவர்கள். இன்னொரு முக்கிய வேடம் இத்தாலிய வழிவந்த சால் மினியோவுக்கு. உடன் நடந்தவர்கள் வழக்கம்போல் நவஹோக்கள்; பேசியது நவஹோ மொழி. ஷயேன்கள் கம்பீரமாகப் பேசவேண்டிய இடங்களில் இவர்கள் தம் மொழியில் கொச்சையான வேடிக்கைகளைச் சொல்லிவைத்தார்கள் என்றும், நவஹோ ஊர்களில் படம் ஓடியபோது அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதையோ உண்மையோ, உரையாடல் எழுதும் உரிமை மறுக்கப்பட்டவர்கள் எடுத்துக்கொண்ட உரிமையாக அதைக் கருதத் தோன்றுகிறது.

*

பழைய படங்களை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் அந்த அளவுகோல் இன்று செய்யப்பட்டது அன்று. தம்மைத் திரையில் இழிவாகக் காட்டுவதை எதிர்த்துப் பூர்வகுடியினர் 1911இலேயே வாஷிங்டனில் முறையிட்டிருக்கிறார்கள். யங் டீர் 1910இலும், விச்சிட்டா மலையில் கூடியவர்கள் 1920இலும் வேறுவிதமாகப் படமெடுக்க முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அறியாமையால் நேர்ந்தது என்று முற்றாகச் சொல்லிவிட முடியாது. வேறு வழி தெரிந்திருந்தும் அது கைவிடப்பட்டது.

அதேவேளையில், பிரதிநிதித்துவம் என்பதை வெறும் பிறப்புச் சான்றிதழாகச் சுருக்குவதும் சிக்கலே. பூர்வகுடி மனிதராகவே வாழ்நாள் முழுதும் அறியப்பட்ட நடிகர் 'அயர்ன் ஐஸ் கோடி' சிசிலியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் என்பது 1996இல் வெளிப்பட்டது. யங் டீரின் குடிமரபு குறித்தும் பிற்கால ஆய்வுகள் வேறு செய்திகளைத் தருகின்றன. நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு: கதை யாருடைய கண்ணிலிருந்து சொல்லப்படுகிறது? முடிவில் யாருடைய இழப்புக்காக நம்மை அழவைக்கிறார்கள்?

இக்கேள்வியோடு பார்க்கையில் 1970இன் 'லிட்டில் பிக் மேன்' ஒரு திருப்பமாகத் தெரிகிறது. அதில் ஷயேன் முதியவராக வந்த சீஃப் டான் ஜார்ஜ், பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்லேவாட்டூத் குடியைச் சேர்ந்தவர். அவர் அறிவாளியாக, குறும்பராக, சில நேரங்களில் தவறிழைப்பவராக, அதாவது முழுமனிதராக அதில் இருக்கிறார். அவர் நடிப்பு ஆஸ்கார் பரிந்துரை வரை சென்றது.

2021ஆம் ஆண்டு நவஹோ அருங்காட்சியகத்தின் முயற்சியால் செர்ஜியோ லியோனேயின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' நவஹோ மொழியில் ஒலிமாற்றம் செய்யப்பட்டு, விண்டோ ராக் நகரில் திரையிடப்பட்டது. இத்தாலியர் ஸ்பெயினில் எடுத்த கௌபாய்ப் படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் நவஹோ பேசுகிறார். தங்களைத் தோற்றவர்களாகவே காட்டிய ஒரு கலைவடிவத்தை அம்மக்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. தம் மொழிக்குள் இழுத்துக்கொண்டார்கள். நம் தலைமுறைப் பார்வையாளர்கள் கற்றுக்கொள்ள அதில் ஏதோ இருக்கிறது. பழைய படங்களை எரிக்கவும் வேண்டாம், கண்மூடிக் கும்பிடவும் வேண்டாம். மீண்டும் பார்க்கலாம், இம்முறை பின்வரிசையில் நிற்பவர்களின் முகங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

பாம்பி அந்த வாக்கியத்தை மறந்தார் என்று படம் சொல்கிறது. அந்த அறையில் அதை மறக்க இயலாதவர் அவர் ஒருவரே என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.